பெற்றோர் கீழே இருக்கவும்

எங்கள் குடும்பத்தில் வருஷா வருஷம் முதல் ரேங்க் எடுத்தது என் அக்கா மகள் ஒருத்திதான். வகுப்பில் மொத்தமே அவள் ஒரே ஆள். இதைச் சொன்னால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதனால் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவளை நான் ரேங்க்கு என்றுதான் கூப்பிடுவது.

ஆறு வயதில் ரேங்க்குக்கு மூச்சிரைப்பு வந்தது. ஒரு வாரம் பள்ளிக்கூடம் போவாள், அடுத்த வாரம் படுத்துவிடுவாள். அக்கா அப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு உடம்பு தேறும்வரை வீட்டிலேயே சொல்லித்தருகிறேன் என்று வேலையை விட்டாள். உடம்பு அந்த வருஷமே தேறிவிட்டது. அக்காதான் தேறவில்லை.

சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. காலையில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்ததும் மேசையைத் துடைத்து, அதன்மேல் புத்தகங்களை அடுக்கி, அக்கா கையில் வாட்ச் கட்டிக்கொள்வாள். பாடம் தொடங்கிவிடும். முதல் வாரத்திலேயே பிள்ளை குழம்பிப்போனாள். கணக்கு தப்பானால் அதட்டுகிறவளும் தலை வாரிவிடுகிறவளும் ஒரே ஆளாக இருந்தால் யாருக்குமே குழப்பம்தான். ஒருநாள் கழித்தல் கணக்கின் நடுவில் ‘எனக்கு அம்மா வேணும்’ என்று தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். அம்மா எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா யோசித்து ஒரு ஏற்பாடு செய்தாள். வாட்ச் கட்டியிருந்தால் மிஸ், கழற்றினால் அம்மா. மிஸ்ஸை ‘நீங்க’ என்று சொல்ல வேண்டும், அம்மாவை எப்போதும் போல ‘நீ’ என்று சொல்லலாம். பாடத்தின் நடுவில் அம்மா தேவைப்பட்டால் மிஸ்ஸிடம் கேட்கலாம். மிஸ் வாட்சைக் கழற்றி மேசையில் வைப்பாள். அம்மா வந்து மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். அழுகை அடங்கியதும் மிஸ் வந்து கழித்தலை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். என் கண்ணால் பார்த்தேன், கதை விடவில்லை. மிஸ் அதட்டியதை அம்மாவிடம் புகார் சொல்லும் அந்தப் பிள்ளை. “அப்படியா சொன்னா? நான் சொல்றேன் அவகிட்ட” என்பாள் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மதியச் சாப்பாட்டோடு மிஸ் போய்விடுவாள் என்பதுதான் ஒப்பந்தம். நாளடைவில் மிஸ் சாப்பிடவும் உட்கார்ந்தாள். தட்டின் சுற்றளவு எவ்வளவு என்று கேட்டாள். கடைக்குக் கூட வந்தாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். காய்ச்சல் என்று படுத்தால் காய்ச்சல் ஏன் வருகிறது என்று பாடம் எடுத்தாள். பாடம் முடியும்போது “இன்னிக்கு என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?” என்று மிஸ் கேட்பது வழக்கம். அதைப் படுக்கையில் போர்வையை இழுத்துவிடும்போதும் கேட்க ஆரம்பித்தாள். எந்த வயதில் ரேங்க்கு வாட்சைக் கழற்றச் சொல்வதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அக்காவின் வீட்டுக்காரர் மருந்துக் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வீட்டில் இருக்கும்போது தூங்குவார், விழித்தால் அவருக்கும் பொது அறிவில் ஒரு கேள்வி காத்திருக்கும், ஆகவே தூங்குவார்.

இப்படி வளர்ந்த பிள்ளை எப்படி இருக்கும்? நன்றாகவே இருந்தாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படிப்பு அத்துப்படி. பெரியவர்களிடம் பெரியவள் மாதிரி பேசுவாள். எனக்கு வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை. சாயங்காலம் வந்து ஒரு பழைய மெஷின்மேல் ஏறி உட்கார்ந்து, “மாமா, இந்தக் கம்பெனிக்காரங்க பெல்ட்டை ஏன் இவ்வளவு மெல்லிசா செய்றாங்கன்னு நீங்க யோசிச்சிருக்கீங்களா?” என்பாள். வாரத்துக்கு நாலு பெல்ட் மாற்றுகிறவன் நான், அதை யோசிக்காமல் இருப்பேனா? ஆனாலும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வேறு யாரும் இல்லை.

பதினைந்தாவது பிறந்தநாளுக்கு யாரையெல்லாம் கூப்பிடலாம் என்று அக்கா கேட்டபோது, ரேங்க்கு என்னையும், நூலகத்தில் இருக்கும் அம்மாளையும், மூச்சிரைப்புக்குப் பார்த்த டாக்டரையும் சொன்னாள். மூன்று பேரும் போனோம். டாக்டர் கேக்கைத் தொடவில்லை, அவருக்குச் சர்க்கரை. நூலகத்து அம்மாள் ஒரு புத்தகம் கொடுத்தார், அது ரேங்க்கு ஏற்கெனவே அவரிடமே இரண்டு தடவை எடுத்துப் படித்தது. எனக்கும் டாக்டருக்கும் முட்டி வலியைப் பற்றிப் பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது. ரேங்க்கு என் பக்கம் குனிந்தாள்.

“மாமா, என் வயசுல எனக்கு ஒருத்தரைக்கூடத் தெரியாது.”

தகவல் சொல்கிற குரலில்தான் சொன்னாள். நான்தான் கேக் தட்டைக் கீழே வைத்தேன். நான் பள்ளிக்கூடம் போனவன், அதனால் பெரிய அறிவு ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் பெஞ்சில் பக்கத்தில் ஒருத்தன் இருந்தான். என் ரப்பரைத் திருடினான், என் மண்டையை உடைத்தான், இன்றைக்கும் என் வீட்டில் எது என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறான்.

மறுவாரம் ரேங்க்கு ஒரு திட்டத்தோடு வந்தாள். ஊரில் தன்னைப் போல வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மன்றம் வைக்க வேண்டும். நடத்துவது பிள்ளைகள்தான். பெற்றோர் உள்ளே வரக் கூடாது. ஆளைப் பிடிப்பது சுலபம் என்றாள். காலை பதினொரு மணிக்கு நூலகத்தில் இருக்கும் பிள்ளை, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, இல்லையென்றால் வீட்டில் படிப்பது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றால் இரண்டாவது வகை. இத்தனை வருஷமாக அவர்கள் முகம் தெரியும், ஆனால் பேசியதில்லை, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு காவல் நின்றது.

முதலில் பேசியது பூச்சியிடம். பூச்சி என்பது நான் வைத்த பேர் அல்ல, அவள் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டில் கேக் செய்து விற்கிற அந்த அம்மாவின் அலமாரியில் மாவு டப்பாக்களுக்குப் பக்கத்தில் இவள் வண்டு வளர்த்தாள். பையில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும், மூடியில் ஓட்டை போட்டிருக்கும். அதை ரேங்க்கு எட்டிப் பார்க்க, பூச்சி திறந்து காட்ட, உள்ளே இருந்தது நூலகத்துக்குள் ஓட, இரண்டு பேரும் அலமாரிக்கு அடியில் தவழ்ந்து தேட, நட்பு பிடித்துக்கொண்டது. அன்று என் கடைக்கு வந்தவள் முட்டி முழுக்க அழுக்கு. பூச்சி இதைச் சொன்னாள், பூச்சி அதைச் சொன்னாள் என்று ஒரே பூச்சி புராணம். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் சின்னப் பொறாமை. பெல்ட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

இடம் என் கடைக்கு மேல் இருக்கும் மாடி அறை. பழைய டிரம்களை ஒரு ஓரமாகத் தள்ளி, ஃபேன் மாட்டிக் கொடுத்தேன். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து ‘பெற்றோர் கீழே இருக்கவும்’ என்று எழுதி, ரேங்க்கு மாடிப்படியில் தொங்கவிட்டாள். அக்கா அதைப் படித்தாள். எழுத்து நேராக இல்லை என்றாள். பிறகு, தன் நிபந்தனையைச் சொன்னாள்.

“யாராவது ஒரு புள்ள அழுதுகிட்டு கீழ வந்துதுன்னா, அன்னியோட மன்றத்தை மூடிடணும். சரியா?”

“சரி, மிஸ்” என்றாள் ரேங்க்கு.

ரேங்க்கு நூலகத்தில் பிடித்திருந்த மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் இதற்குத் தலையாட்டினார்கள். அவர்கள் ஒன்றாகத் தலையாட்டியது இது ஒன்றுக்குத்தான்.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஒன்பது பிள்ளைகள் மாடிக்குப் போனார்கள். ஃபேன் ஓடுகிறதா பார்க்கிறேன் என்று மகனைக் கொண்டுவந்து விட்ட பல் டாக்டர் ஒருவர் கூடவே ஏறினார். ஜன்னல் கம்பி உறுதியா பார்க்கிறேன் என்று பூச்சியின் அம்மா. பெருக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அக்கா துடைப்பத்தோடு. ரேங்க்கு அட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கீழே உட்கார நாற்காலி இல்லை, பழுதுக்கு வந்த மெஷின்கள் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். எல்லார் கண்ணும் கூரையில்.

“சத்தமே இல்லையே” என்றார் பல் டாக்டர்.

உண்மைதான். மேலே ஒன்பது பேரும் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று காத்திருந்தார்களாம். கேள்வி கேட்டால்தானே பதில் சொல்ல முடியும்? பிறகு யாரோ தொண்டையைச் செருமியிருக்கிறார்கள், அதை ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டு ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். வகுப்பில் இன்னொரு ஆள் பேசி முடிக்கக் காத்திருந்து ஒருத்தருக்கும் பழக்கமில்லை.

“ரொம்ப சத்தமா இருக்கே” என்றார் பல் டாக்டர், காலைக் கீழே வைத்தபடி.

என்னிடம் ஒரு பழைய மெஷின் உண்டு. உரிமையாளர் கைகழுவிவிட்டுப் போனது. ஸ்பின்னில் போட்டால் கடையே அதிரும், பிடித்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் நடந்து வாசலுக்குப் போய்விடும். அதைப் போட்டேன். மேலே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. சோதனை ஓட்டம் என்று சொன்னேன்.

பெற்றோர் பாடு பெரும்பாடு. பகல் வேளையில் பிள்ளை பக்கத்தில் இல்லாமல் அவர்கள் இருந்து பல வருஷம் ஆகியிருந்தது. கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பூச்சியின் அம்மா முட்டையை அடித்தால் ஏன் நுரைத்துப் பொங்குகிறது என்று எனக்கு விளக்கிவிட்டு, “புரிஞ்சுதா அண்ணா?” என்று கேட்டார். “டிரம் ஏன் உருண்டையா இருக்கு? சொல்லுங்க பார்ப்போம்” என்றார் பல் டாக்டர் என்னிடம். நான் சொன்னேன். “வெரி குட்” என்றார்.

இரண்டாவது புதன்கிழமை மன்றத்துக்குத் தலைவர் தேர்தல். நம் எல்லோரிலும் நன்றாக நடத்தக் கூடியவர் யாரோ அவர் பேரைச் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்று ரேங்க்கு சொல்லியிருக்கிறாள். சீட்டுகளைப் பிரித்தால் ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அதில் ஒருத்தருக்கும் அகம்பாவம் கிடையாது. எல்லாருமே அவரவர் வகுப்பில் முதல் ரேங்க். கெட்டிக்காரர் யார் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறார்கள்.

ரேங்க்கு விதியை மாற்றினாள். தன் பேரைத் தானே எழுதக் கூடாது. அப்படிச் சொன்னதும் வேறு சிக்கல். ஒருத்தருக்கும் மற்றவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவகாசம் வேண்டும் என்றார்கள். ஆகவே அடுத்த சில வாரம் மாடியில் ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டரின் மகன் உலகத்துத் தலைநகரம் எல்லாம் தலைகீழாகச் சொல்வான் என்பதும், கேட்டால் தவிர வாயைத் திறக்க மாட்டான் என்பதும் இந்த விசாரணையில் தெரியவந்தது. அவனுக்குத் தலைநகரம் என்றே பேர் விழுந்தது. படி இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அக்கா ரேங்க்குவைப் பார்த்து, “என்ன சிரிப்பு?” என்பாள். “ஒண்ணும் இல்ல, மிஸ்” என்பாள் அவள். அக்காவின் முகம் ஒரு நொடி எப்படியோ ஆகும். அவளுக்குத் தெரியாத ஒன்று அந்தப் பிள்ளைக்குள் முதல் முறையாக இருந்தது.

மறு தேர்தல் நடந்த புதன்கிழமை, நான் கடையின் பின்பக்கம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அந்த நடக்கும் மெஷினைத் திறந்து வைத்திருந்தேன். பெற்றோர் முன்பக்கம். ரேங்க்கு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முன்பக்கத்தை அமைதியாகக் கடந்தாள். “தண்ணி குடிக்க” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். நடை மிடுக்காகத்தான் இருந்தது. என்னைத் தாண்டிக் குழாயடிக்கு வந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, குடிக்காமல் நின்றாள். தாடை ஆடியது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். அழுதால் மன்றம் மூடப்படும். அவளே ஒப்புக்கொண்ட நிபந்தனை.

பின்னாலேயே அக்கா வந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கப் போன பிள்ளையைக்கூட விட்டுவைக்காத கண் அது.

“என்ன ஆச்சு? மேல ஏதாவது பிரச்சினையா?”

“இல்ல, மிஸ்.”

“முகம் ஏன் இப்படி இருக்கு? சொல்லு.”

ரேங்க்கு குழாயை மூடினாள். அக்காவின் கையைப் பார்த்தாள்.

“மிஸ், கொஞ்சம் வாட்சைக் கழட்டுறீங்களா? அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். மிஸ்ஸுக்குத் தெரியக் கூடாது.”

அக்கா வாட்சின் கொக்கியைத் தேடினாள். வருஷக்கணக்காகக் குளிக்க மட்டுமே கழற்றிய வாட்ச், கண் பிள்ளைமேலேயே இருந்ததால் கொக்கி பிடிபடவில்லை. ஒருவழியாகக் கழன்றது. வைக்க இடம் இல்லாமல் என்னிடம் நீட்டினாள், நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது.

ரேங்க்கு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஆறு வயதில் அழுத அதே அழுகை, சத்தம் மட்டும் பெரிது. முன்பக்கம் பல் டாக்டரின் தலை நிமிர்வது தெரிந்தது. நான் மெஷினை மூடி ஸ்பின்னில் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கடை அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் ரகசியத்தையும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது, அதனால் எனக்கும் கேட்டது.

“நான் பூச்சிக்கு ஓட்டுப் போட்டேம்மா! அவ எனக்குப் போடல! தலைநகரத்துக்குப் போட்டிருக்கா! எனக்கு ஒரு ஓட்டுகூட இல்ல!”

பிறந்ததிலிருந்து முதல் முறையாக ரேங்க்குக்குக் கடைசி ரேங்க்.

“ஏன்னு கேட்டியா?” என்று அக்கா கத்தினாள்.

“கேட்டேன்! நான் எல்லாரையும் கையைத் தூக்கச் சொல்றேனாம்! முடியும்போது இன்னிக்கு என்ன தெரிஞ்சுக்கிட்டோம்னு கேக்கறேனாம்! வீட்டுல ஒரு மிஸ் போதாதா, இங்கேயும் ஒரு மிஸ்ஸான்னு கேக்கறாம்மா அவ!”

மெஷினுக்கு அந்த நேரம் பார்த்து வேகம் கூடியது. நான் அதன்மேல் படுக்காத குறை. அக்கா மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

“மிஸ் அவ்வளவு மோசமாடி?” என்று கேட்டாள்.

ரேங்க்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். நேர்மையான பிள்ளை, கேள்வி கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

“மோசம் இல்லம்மா. நாள் முழுக்க இருக்காங்க, அவ்வளவுதான். நீ எப்ப வருவேன்னே தெரியல.”

அக்கா அதட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. நட்பில் ஏற்றத்தாழ்வு சகஜம் என்று பாடம் எடுக்கவில்லை. ஈரக் கையால் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள்.

“அப்படியா? நான் சொல்றேன் அவகிட்ட” என்றாள்.

மெஷின் சுற்றி முடித்து நின்றது. அந்த அமைதியில் மாடிப்படியிலிருந்து பூச்சியின் குரல் வந்தது.

“ஏய், வர்றியா இல்லையா? தலைநகரம் உன் நாற்காலில உக்காந்துட்டான்!”

ரேங்க்கு தாவணி இழுப்பது போலச் சட்டையை ஒரு இழுப்பு இழுத்து, “அவனை யாரு உக்காரச் சொன்னா?” என்று கத்திக்கொண்டு ஓடினாள். படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டும் சத்தம் கேட்டது. மேலே கதவு சாத்திக்கொண்டது.

அக்கா முன்பக்கம் வந்து தன் மெஷின்மேல் ஏறி உட்கார்ந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“குழந்தை அழுத மாதிரி இருந்துதே?” என்றார் பூச்சியின் அம்மா.

“மெஷின் சத்தம்” என்றாள் அக்கா.

பல் டாக்டர் கூரையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். மன்றம் முடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, இப்போது மணி என்ன என்று கேட்டார். நேரம் கேட்பதென்றால் எல்லோரும் அக்காவிடம்தான் கேட்பார்கள். அக்கா வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“தெரியலையே” என்றாள்.

என் சட்டைப் பையில் அது ஓடிக்கொண்டிருந்தது.